கட்டியைக் காட்டும் தாள், கட்டியைச் சுடும் தாள்

வாசகர் கேள்வி – துறையாளர் பதில்

சென்ற இதழில் இருபரிமாண காந்த நானோ பொருட்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஓரிரு அணு அடுக்கே தடிமனுள்ள தாள்களில் காந்தத் துகள்களை ஏற்றி, புற்றுக்கட்டியை எம்ஆர்ஐ ஸ்கேனில் துலக்கமாகக் காட்டவும், அதே துகள்களைச் சூடாக்கிக் கட்டியை அழிக்கவும் நடக்கும் ஆய்வுகள் பற்றியது அது. கொங்குப் பக்கமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. பொருள் இயற்பியல் பேராசிரியர் ஒருவரும் கதிரியல் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கிராஃபீன் தாள் மேல இரும்புத் துகளை ஏத்தி அனுப்பறதா எழுதியிருந்தீங்க. வெறும் துகளை அனுப்பினாலே போதாதுங்களா? தாள் எதுக்குங்க?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பல வேலைகளுக்கு வெறும் துகளே போதும். சொல்லப்போனால், மருத்துவமனைக்குள் இதுவரை நுழைந்த இரும்பு ஆக்சைடு நானோ மருந்துகள் எல்லாமே உருண்டைத் துகள்கள்தான். தாளால் வரும் ஆதாயம் இடம். கிராஃபீன் என்பது கரிம அணுக்களின் ஒற்றை அடுக்குத் தாள். ஒரு கிராம் கிராஃபீனை ஒற்றை அடுக்குகளாகப் பிரித்துப் போட்டால், இரு பக்கமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் 65 சென்ட் நிலம். அதில் இரும்பு ஆக்சைடையும் ஏற்றலாம், கீமோ மருந்தையும் ஏற்றலாம். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தின் மூலக்கூறில் தட்டையான வளையங்கள் இருப்பதால், அது தாளின் மேல் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அமிலத்தன்மை கூடிய இடத்தில் மெல்ல மெல்ல விடுபடும். தாள் அகச்சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சிச் சூடாகும்.

தாள் என்றால் கிராஃபீன் மட்டுமல்ல. 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து கிராஃபீன் எடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு. 2011-இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் டைட்டானியம் கார்பைடு தாள் வந்தது. அந்தக் குடும்பத்துக்கு மெக்ஸீன் என்று பெயர். மாலிப்டினம் டைசல்பைடு, கறுப்பு பாஸ்பரஸ் என்று வரிசை நீளும். இவற்றில் பலவும் தாமாகச் சொல்லிக்கொள்ளும்படியான காந்தத்தன்மை இல்லாதவை. இரும்பு ஆக்சைடோ, மாங்கனீஸோ, கடோலினியமோ சேர்ந்த பிறகுதான் 'காந்தத் தாள்' ஆகின்றன.

எங்கள் பார்வையில் இந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரத் தாள் மாங்கனீஸ் டைஆக்சைடு. தாளாக இருக்கும்வரை அதன் மாங்கனீஸ் உள்ளே பூட்டிக் கிடக்கும். தண்ணீர் மூலக்கூறு அதை நெருங்க முடியாது, ஸ்கேனிலும் பெரிதாகத் தெரியாது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் இறங்க இறங்க அமிலம் கூடும். இரத்தத்தில் அது 7.4. கட்டிக்குள் அது 6.5 முதல் 6.8 வரை இறங்கும். அங்கே உயிரணுக்களுக்குள் குளூட்டாதயோன் என்ற பொருளும் மிகுதி. இரண்டும் சேர்ந்து தாளைக் கரைத்து, மாங்கனீஸை இரட்டை மின்னூட்ட அயனியாக வெளியே விடும். அந்த அயனியில் இணை சேராத எலக்ட்ரான்கள் ஐந்து இருப்பதால் பக்கத்துத் தண்ணீர் ஸ்கேனில் பளிச்சென்று வெளுக்கும். கரைந்த இடம் மட்டும் வெளுப்பதால் கட்டி தனித்துத் தெரியும். கட்டியைக் காக்கும் குளூட்டாதயோனும் செலவாகிப் போகும். ஆனால் அளவு மீறிய மாங்கனீஸ் மூளையில் படிந்தால் பார்க்கின்சன் போன்ற நடுக்கம் வரும். சுரங்கத்திலும் வெல்டிங் புகையிலும் வேலை செய்தவர்களிடம் மருத்துவம் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது. அதனால் மாங்கனீஸ் தாளில் அளவுதான் முதல் கேள்வி.

ஊசியில போட்ட தாள் நேரா கட்டிக்குத்தான் போகுமுங்களா? வேலை முடிஞ்ச பொறவு எப்படி வெளிய வரும்?
– வாசகி, பொள்ளாச்சி

நேராகப் போகாது. கட்டியின் இரத்தக்குழாய்ச் சுவர் அவசரத்தில் கட்டியதால் ஓட்டை ஓட்டையாக இருக்கும், அதன் வழியே நானோ துகள் கசிந்து உள்ளே தங்கும் என்று 1986-இல் ஜப்பானில் மத்சுமுராவும் மேடாவும் காட்டினார்கள். இந்தத் துறையின் பாதி நம்பிக்கை அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் பத்தாண்டுகளில் வெளிவந்த எலி ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் கணக்குப் போட்டபோது, ஊசியில் போன நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலை அளவில் 0.7 சதவீதம். நூறில் ஒன்றுகூட இல்லை. மனிதக் கட்டியில் குழாய்க் கசிவு எலியில் உள்ளதுபோல ஒரே சீராகவும் இருப்பதில்லை.

மீதி எங்கே போகிறது? பெரும்பகுதி ஈரலுக்கும் மண்ணீரலுக்கும். இரத்தத்தில் இறங்கியவுடனே துகளின்மேல் புரதங்கள் வந்து படியும். அதைப் பார்த்த விழுங்கணுக்கள் அந்நியப் பொருள் என்று பிடித்துக்கொள்ளும். பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைத் தாளின்மேல் பொருத்துவது இதைத் தள்ளிப்போடத்தான், தடுக்க அல்ல. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டுமானால் துகள் சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 100, 200 நானோமீட்டர் அகலத் தாளுக்கு அந்த வாசல் கிடையாது.

ஆகவே கரையும் தாளா, கரையாத தாளா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரும்பு ஆக்சைடை ஈரல் சிதைத்து, உடம்பின் இரும்புச் சேமிப்பிலேயே சேர்த்துக்கொள்ளும். கறுப்பு பாஸ்பரஸ் பாஸ்பேட்டாக மாறிப் போய்விடும். மாங்கனீஸ் பெரும்பாலும் பித்தநீர் வழியே வெளியேறும். கிராஃபீன் வகைகள் அப்படிச் சுலபமாகக் கரைவதில்லை, மாதக்கணக்கில் தங்கக்கூடும். படம் எவ்வளவு அழகாக வந்தாலும், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத தாள் மனிதருக்கு வராது.

என்ற அம்மாவுக்கு ஈரல்ல கட்டி இருக்குதான்னு பார்க்க எம்ஆர்ஐ எடுத்தாங்க. நடுவுல ஒரு ஊசி போட்டாங்க. முன்னாடியே கிரியாட்டினின் டெஸ்ட்டும் கேட்டாங்க. அதுவும் இந்த நானோ மருந்துதானுங்களா?
– வாசகர், பெருந்துறை

இல்லை. அது பெரும்பாலும் கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி. நானோ துகள் அல்ல, தனி மூலக்கூறு. வழக்கமான அளவு உடல் எடை கிலோவுக்கு 0.1 மில்லிமோல். சாதாரணச் செறிவில் 60 கிலோ எடைக்கு 12 மி.லி. வரும். ஈரலுக்கென்றே உள்ள ஒரு வகைக்கு இதில் கால் பங்கு மருந்தே போதும். கிரியாட்டினின் கேட்டது நியாயம். சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்குப் பழைய வகை கடோலினியம் மருந்துகளால் தோலும் தசையும் இறுகிப்போகும் நோய் வரலாம் என்று 2006 வாக்கில் தெரிய வந்தது. அதனால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் (இஜிஎஃப்ஆர்) நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இருந்தால் மருத்துவர்கள் யோசித்து, வளைய அமைப்புள்ள பாதுகாப்பான வகையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கடோலினியம் படத்தை வெளுக்க வைக்கும். இரும்பு ஆக்சைடு துகள் கறுக்க வைக்கும். ஈரல் கட்டிக்காகவே ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்துக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல ஈரலின் விழுங்கணுக்கள் இரும்பைத் தின்று கறுத்துவிடும். புற்றுக்கட்டியில் அந்த அணுக்கள் இல்லாததால் அது மட்டும் வெள்ளையாக நிற்கும். முறை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாங்குவாரில்லை; 2008 வாக்கில் கடையைக் கட்டினார்கள். கறுப்புப் படத்தில் ஒரு சங்கடமும் உண்டு: இரத்தக்கசிவும் கறுப்பு, சுண்ணப் படிவும் கறுப்பு, காற்றும் கறுப்பு. எது மருந்து, எது மற்றது என்று சொல்ல ஊசிக்கு முந்திய படமும் கையில் இருக்க வேண்டும். வெளுக்க வைக்கும் மாங்கனீஸ் தாளைக் கதிரியல்காரர்கள் விரும்புவது இதனால்தான்.

மோட்டார் ரீவைண்டிங் தொழில் பண்றேனுங்க. ஸ்டாம்பிங் சூடாகிற மாதிரியேதான் இந்தத் துகளும் காந்தப்புலத்துல சூடாகுதுங்களா?
– வாசகர், கணபதி, கோவை

கேள்வியைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஸ்டாம்பிங்கில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் இரும்புத் தகடு அடுக்கில், இரண்டு நட்டம் உண்டு. இரும்பின் காந்தத் திசையைத் திருப்பித் திருப்பிப் போடுவதால் வருவது ஒன்று. இரும்புக்குள்ளேயே மின்னோட்டம் சுழல்வதால் வருவது இன்னொன்று. சுழல் மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் தகடு தகடாக வெட்டி வார்னிஷ் பூசி அடுக்குகிறீர்கள். 15 நானோமீட்டர் துகளுக்குள் சுழல் மின்னோட்டம் ஓட இடமே கிடையாது. அங்கே சூடு முழுக்க முதல் வழியில்தான் வரும்: துகளின் காந்தத் திசை புலத்தோடு ஈடுகொடுத்துத் திரும்ப முடியாமல் பின்தங்குகிறது, அந்தப் பின்தங்கல் வெப்பமாகிறது. உங்கள் மோட்டாரில் நொடிக்கு 50 சுற்று. இங்கே ஒரு லட்சம்.

அப்படியானால் புலத்தையும் அதிர்வெண்ணையும் ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், அங்கேதான் சுழல் மின்னோட்டம் திரும்ப வந்து குறுக்கே நிற்கிறது. இந்த முறை துகளில் அல்ல, நோயாளியின் உடம்பில். உப்புநீர் நிறைந்த உடம்பு மின்சாரம் கடத்தும். அதற்கு வார்னிஷ் பூச வழியில்லை. 1984-இல், மார்பைச் சுற்றி 30 செ.மீ. வளையம் வைத்து, ஒரு மணி நேரம் தாங்க முடிகிற எல்லையைப் பார்த்தார்கள். புல வலிமையையும் (மீட்டருக்கு ஆம்பியர்) அதிர்வெண்ணையும் (நொடிக்குச் சுற்று) பெருக்கினால் 48.5 கோடிக்குள் இருக்க வேண்டும் என்று வந்தது. ஒரு லட்சம் சுற்றுக்கு 4,850 ஆம்பியர். சிறிய பகுதிக்குச் சிறிய வளையம் என்றால் இன்னும் ஏற்றலாம். இடுப்பு, வயிறு என்றால் ஏற்ற முடியாது. சுழலும் வட்டம் பெரிதாகப் பெரிதாகச் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும்.

ஆய்வகத்தில் சின்னக் குப்பியை 3 லட்சம் சுற்று, 20,000 ஆம்பியர் புலத்தில் வைத்து, பத்து நிமிடத்தில் நன்றாகச் சூடேறியது என்று எழுதுகிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: 600 கோடி. மேலே சொன்ன எல்லையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அந்தச் சூடு குப்பிக்கு மட்டுமே பொருந்தும். போதாததற்குத் தண்ணீரில் துகள் முழுசாகவே சுழன்றும் சூடு தரும். கட்டிக்குள் போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் பங்கு நின்றுவிடும். தாளில் ஏற்றிய துகள் முன்பே ஒட்டித்தான் இருக்கிறது, அதனால் அதன் குப்பிக் கணக்குக்கும் உடம்புக் கணக்குக்கும் இடைவெளி குறைவு. தாளுக்குச் சாதகமான, பலரும் எழுதாத விஷயம் இது.

எவ்வளவு சூடு வேண்டும்? 43 டிகிரியில் 60 நிமிடம் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகும்: 44-இல் 30, 45-இல் 15. கீழே போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் நாலு மடங்காகும். 42-இல் நாலு மணி நேரம். ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போகும் என்பதால் கட்டியின் ஓரம் எப்போதும் நடுவைவிடக் குளிர்ந்தே இருக்கும். மிஞ்சிய அணு மறுபடி வளர்வது அந்த ஓரத்தில்தான். கட்டி சின்னதாக இருந்தால் சுடுவது சுலபம் என்று தோன்றும், உண்மை நேர்மாறு. சின்னக் கட்டி வேகமாகக் குளிரும், அதனால் அதே அளவு திசுவுக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும்.

மனிதரில் இதைச் செய்திருக்கிறார்கள், தாளால் அல்ல, உருண்டைத் துகளால். ஜெர்மனியில் மூளைக்கட்டி திரும்ப வந்த 59 பேருக்குத் துகள் திரவத்தை நேரே கட்டிக்குள் செலுத்தி, ஒரு லட்சம் சுற்றுப் புலத்தில் சூடாக்கி, கூடவே ரேடியேஷனும் கொடுத்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி திரும்பியது தெரிந்த நாளிலிருந்து இடைநிலை ஆயுள் 13.4 மாதம். ஒப்பிட்டுப் பார்க்க, சீட்டுக் குலுக்கிப் பிரித்த இன்னொரு குழு இல்லை என்பதால் இந்த எண்ணை வைத்து அடித்துப் பேச முடியாது. நடைமுறைச் சிரமங்களும் உண்டு: சிகிச்சை இடத்திலிருந்து 40 செ.மீ.க்குள் உலோகம் இருக்கக் கூடாது, பல் அடைப்பைக்கூடப் பிடுங்கினார்கள். துகள் உள்ளேயே தங்குவதால் அதற்குப் பிறகு அந்த இடத்தில் எம்ஆர்ஐ பார்க்க முடியாது.

முதுகலை புராஜெக்ட்டில் கிராஃபீன் ஆக்சைடின்மேல் மேக்னடைட் (கறுப்புக் காந்த இரும்பு ஆக்சைடு) ஏற்றுகிறேன். கறுப்பாக வராமல் பழுப்பாக வருகிறது. ஓவனில் காயவைத்த பிறகு தண்ணீரில் கலைவதே இல்லை. எம்டிடி சோதனையில் உயிரணுப் பிழைப்பு நூறு சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. எங்கே தவறுகிறேன்?
– மாணவி, திருச்செங்கோடு

மூன்றும் மூன்று தனித் தவறுகள். முதலில் அளவு. 100 மி.கி. கிராஃபீன் ஆக்சைடை 100 மி.லி. தண்ணீரில் கலைத்துக்கொள்ளுங்கள். ஆறு நீர் உள்ள ஃபெரிக் குளோரைடு 540 மி.கி., நாலு நீர் உள்ள ஃபெரஸ் குளோரைடு 200 மி.கி. இது இரண்டுக்கு ஒன்று என்ற மோல் விகிதம். முழுதும் மாறினால் சுமார் 230 மி.கி. மேக்னடைட். எடையில் 70 சதவீதம் இரும்பு ஆக்சைடு, 30 சதவீதம் தாள்.

பழுப்பாவதற்குக் காரணம் காற்று, அல்லது பழைய ஃபெரஸ் குளோரைடு. புட்டியைத் திறந்து பாருங்கள். வெளிர் பச்சையாக இருந்தால் சரி; மஞ்சளோ துருநிறமோ கண்டிருந்தால் அதில் பாதி ஏற்கெனவே ஃபெரிக் ஆகிவிட்டது, உங்கள் விகிதம் போயிற்று. தண்ணீரைக் கொதிக்க வைத்து நைட்ரஜன் ஓட்டத்திலேயே ஆறவிடுங்கள். உப்புகளைச் சேர்ப்பதற்கு முன் தாள் கரைசலிலும் அரை மணி நைட்ரஜன் விடுங்கள். பிறகு 80 டிகிரிக்கு ஏற்றி, வேகமாகக் கலக்கிக்கொண்டே 25 சதவீத அம்மோனியாவை ஒரே வீச்சில் ஊற்றிப் பிஎச் 10-க்குக் கொண்டுபோங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் நடுப் பிஎச்சில் நெடுநேரம் நின்று, காந்தமில்லாத இரும்பு ஹைட்ராக்சைடு உருவாகிவிடும். கலக்குவதற்குக் காந்தக் குச்சி வேண்டாம்; விளைபொருள் முழுக்க அதைச் சுற்றி அப்பிக்கொள்ளும். மேலிருந்து இறங்கும் கண்ணாடித் துடுப்பு போதும். ஒரு மணி நேரம் வைத்து, ஆறியபின் முகவையின் பக்கவாட்டில் நியோடிமியம் காந்தம் வைத்துப் பிரித்து, பிஎச் 7 வரும்வரை கழுவுங்கள்.

இரண்டாவது, ஓவன். காய்ந்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும்; பிறகு எத்தனை மணி சோனிகேட் செய்தாலும் (மீயொலியால் கலக்கினாலும்) பிரியாது. ஈரமாகவே 4 டிகிரியில் வையுங்கள். செறிவு தெரிய வேண்டுமானால் 1 மி.லி. மட்டும் தனியே எடுத்துக் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். தாளைச் சிறிதாக்க வேண்டுமென்றால் இரும்பு ஏற்றுவதற்கு முன்பே, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துப் புரோப் சோனிகேட் செய்யுங்கள். புரோப் நுனியிலிருந்து டைட்டானியம் துணுக்கு உதிரும். மையவிலக்கியில் மெதுவாக ஓட்டி அடியில் விழுந்ததைத் தள்ளிவிடுங்கள். தண்ணீரில் நன்றாக நிற்கும் தாள் உப்புக் கரைசலில் சில நிமிடத்தில் திரிந்துபோவதும் வழக்கம். பாலிஎத்திலீன் கிளைக்கால் ஏற்றிய பிறகு, சீரம் கலந்த ஊடகத்தில் 24 மணி நேரம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உயிரணுப் பக்கம் போக வேண்டும்.

மூன்றாவது, எம்டிடி. உயிருள்ள அணு மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை வைத்து, எத்தனை அணு பிழைத்தது என்று பார்க்கும் சோதனை அது. கிராஃபீன் ஆக்சைடு உயிரணு இல்லாமலேயே அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். உயிரணு போடாத குழியில் உங்கள் தாளையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் இதுவரை எடுத்த எண்களை நம்ப வேண்டாம். டபிள்யூஎஸ்டி-8 சோதனைக்கு மாறுங்கள், கூடவே டிரிப்பான் நீலம் போட்டு எண்ணுங்கள்.

நீங்கள் கேட்காதது ஒன்று. ஹம்மர்ஸ் முறையில் கிராஃபீன் ஆக்சைடு செய்திருந்தால் பெர்மாங்கனேட்டிலிருந்து வந்த மாங்கனீஸ் தாளிலேயே ஒட்டியிருக்கும். அதுவே ஸ்கேனில் வெளுப்பு காட்டும். புதுப் பொருள் கண்டுபிடித்ததாக நினைத்துவிடுவீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பலமுறை கழுவி, உலோக அளவைக் காட்டும் ஐசிபி கருவியில் மாங்கனீஸ் அளவைப் பாருங்கள். பெர்மாங்கனேட் சேர்க்கும்போது 20 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கந்தக அமிலத்தோடு அது தரும் பச்சைநிற எண்ணெய் 55 டிகிரி வாக்கில் வெடிக்கும்.

காந்த வலிமையை அளக்கும் விஎஸ்எம் கருவியின் எண்ணைப் படிக்கும்போதும் கவனம். துகளாக்காத மேக்னடைட்டுக்கு கிராமுக்கு 92 இஎம்யூ (காந்த அலகு). நானோ துகளுக்கு 60 முதல் 80. உங்கள் மாதிரியில் 70 சதவீதமே இரும்பு ஆக்சைடு என்பதால் அதற்கு 42 முதல் 56 வந்தால் நியாயம். 20 வந்தால் பழுப்புப் பிரச்சினை தீரவில்லை என்று பொருள். மேக்னடைட்டையும் அது காற்றுபட்டு மாறும் மேக்ஹெமைட்டையும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறல்) கோடுகளை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம், லேசரால் எடுக்கும் ராமன் நிறமாலையும் பாருங்கள். லேசரைக் குறைத்து வையுங்கள், கூட்டினால் கண்ணெதிரிலேயே ஹெமடைட்டாக மாறிவிடும். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் நானோ துறைகள் இருக்கின்றன. வழிகாட்டியின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது மாதிரியை 1 சதவீத அகர் கூழில் கலந்து வையுங்கள். தண்ணீரில் வைத்தால் படம் எடுத்து முடிப்பதற்குள் அடியில் இறங்கிவிடும்.

கஞ்சமலைக் கல்லும் மேக்னடைட்தானே? பொடித்துப் பயன்படுத்தினால் செலவு மிச்சமாகாதா?
– வாசகர், சேலம்

வேதிப்பொருள் ஒன்றேதான். கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட், அதாவது மேக்னடைட்டும் குவார்ட்ஸும் கலந்த பாறை. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய கொங்கு நாட்டுக்கு இரும்புத் தாது புதிதும் அல்ல. ஆனால் அரைத்து எடுத்தால் 10 நானோமீட்டரும் வரும், 1,000 நானோமீட்டரும் வரும், கூடவே குவார்ட்ஸ் தூளும் வரும். 20 நானோமீட்டர் வாக்கில் உள்ள துகள், புலத்தை எடுத்தவுடன் காந்தத்தை மறந்துவிடும். பெரிய துகள் மறக்காது. ஒன்றையொன்று இழுத்துக் கொத்தாகி, 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள நுண்குழாயில் அடைத்துக்கொள்ளும். உப்பிலிருந்து வளர்த்தெடுப்பது அளவைக் கட்டுக்குள் வைக்கத்தான். உப்பின் விலை இதில் பெரிய செலவே அல்ல. சுத்தம் செய்வதும் சோதிப்பதும்தான் செலவு.

காந்தத்தன்மையைத் தனியாக ஏற்றாமல், தானே காந்தமாக உள்ள ஒற்றை அடுக்குத் தாள் இருக்கிறதாமே?
– இயற்பியல் மாணவர், கரூர்

இருக்கிறது. 2017-இல் ஒற்றை அடுக்குக் குரோமியம் டிரைஅயோடைடு காந்தமாக நிற்பதைக் காட்டினார்கள். மைனஸ் 228 டிகிரிக்கு மேலே போனால் காந்தம் போய்விடும். ஈரக்காற்று பட்டால் தாளே போய்விடும். கணினிக்கு உதவலாம், ஊசிக்கு உதவாது.

திருப்பூரில் ஒரு இடத்தில் 'காந்த நானோ சிகிச்சை, கீமோ தேவையில்லை' என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். போகலாமா?
– வாசகி, அவிநாசி

போக வேண்டாம். காந்தத் தாள் எதுவும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக எந்த நாட்டிலும் அனுமதி பெறவில்லை. இப்போது இருக்கும் சான்றெல்லாம் குப்பியிலும் எலியிலும். கிராஃபீன் ஆக்சைடை மனிதர் சுவாசித்துப் பார்த்த முதல் கட்டுப்பாட்டு ஆய்வே 2024-இல்தான் வந்தது. 14 ஆரோக்கியமான தன்னார்வலர்கள், பாதுகாப்பை மட்டும் பார்த்தார்கள். நிலைக்காந்தத்தை மேலே வைத்தால் சூடும் வராது, கட்டியும் கரையாது.

'ஆய்வு நடத்துகிறோம்' என்று சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் என்ன? 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். எண்ணைப் போட்டு இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், தமிழில் எழுதிய சம்மதப் படிவமும் எங்கே? உடம்புக்குக் கேடு வந்தால் யார் பொறுப்பு? 2019 விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் நடத்துபவர் பொறுப்பு. ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அக்காவின் கீமோ தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சித்த வைத்தியத்தில் காந்தச் செந்தூரம் இருக்கிறதே, அதுவும் நானோ இரும்புதானே?
– வாசகர், காங்கேயம்

புடம் போட்ட செந்தூரத்தில் நானோ அளவுத் துகளும் இருக்கலாம். ஆனால் சிவந்த இரும்பு ஆக்சைடின் காந்தத்தன்மை மிகச் சொற்பம். வாய்வழியே போவது கட்டியில் போய்த் துகளாகச் சேரவும் செய்யாது. ஸ்கேனிலும் சூடேற்றலிலும் இது செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சாப்பிட்டு வருகிறவர் எம்ஆர்ஐக்குப் போனால், அதிலும் வயிற்றுப் பகுதி ஸ்கேன் என்றால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடலில் கிடக்கும் இரும்பு படத்தைக் கறுக்கடிக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு மார்பக அறுவைக்கு முன் 'காந்தத் திரவம்' ஊசி போட்டார்களாம். தழும்புக்குப் பக்கத்தில் பழுப்புக் கறை போகவே இல்லை. பயப்பட வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பயம் வேண்டாம். அது இரும்பு ஆக்சைடு துகள் திரவம். புற்று முதலில் பரவக்கூடிய அக்குள் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்கக் கதிரியக்க ஊசிக்குப் பதிலாகப் போடுகிறார்கள். நெறிக்கட்டியில் போய்ச் சேர்ந்த இரும்பைக் காந்தமானிக் கோல் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. கறை என்பது தோலுக்கடியில் தங்கிய இரும்பு; மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் இருக்கும், மெல்ல மங்கும். கவனிக்க வேண்டியது வேறு: அந்த மார்பில் பின்னால் எம்ஆர்ஐ எடுத்தால் இரும்பு இருக்கும் இடம் கறுத்துப் படம் மறைந்துபோகலாம். மகள் ஊருக்கு வந்து இங்கே ஸ்கேன் எடுப்பதானால், ஊசி போட்ட தேதியும் மருந்தின் பெயரும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியை முன்பதிவின்போதே காட்டச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.